பாவுத் தெருவில் டர்போ வண்டி

புது வண்டி எடுக்கப் போகிற பையன்கள் என்னிடம் வந்து விலையையோ மைலேஜையோ முதலில் கேட்பதில்லை. "மூணு சிலிண்டர்தான்ண்ணா, ஒன்றரை லிட்டர்தான். லோடு தாங்குமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சினைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிற வண்டிக்குள் கார் எஞ்சின் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நத்தை ஓடு மாதிரி சின்னதாக டர்போ. இதை நம்பிக் கடன் வாங்கலாமா என்று கேட்பவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏழு வருஷத் தவணை கட்டப்போவது அவன்.

தாங்கும் என்றுதான் நான் சொல்வேன். சொல்லிவிட்டு, என்ன லோடு, எந்த ரோடு என்று திருப்பிக் கேட்பேன்.

காஞ்சிபுரத்து லோடு ஒரு தனி ரகம். பட்டு இடத்தை அடைக்கும், எடை போடாது. ஒரு முகூர்த்தப் புடவை முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் புடவை சேர்ந்தால்தான் 750 கிலோ. அவ்வளவு மதிப்புள்ள சரக்கை ஒரே வண்டியில் எந்த முதலாளியும் ஏற்றி அனுப்ப மாட்டார். பெங்களூரிலிருந்து வருகிற பட்டு நூல் மூட்டையும் அப்படித்தான், வண்டி நிறைந்திருக்கும், ஸ்பிரிங் பட்டை வளைந்திருக்காது. சூரத்திலிருந்து வரும் ஜரிகைப் பெட்டி கொஞ்சம் கனம். தறியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது ஜக்கார்டு பெட்டி, படமரம், சட்டம் எல்லாம் ஏறும். அதில் எடையைவிட உயரம்தான் தொல்லை. தெருவில் தொங்குகிற கேபிள் டிவி ஒயரைக் கழியால் தூக்கிப் பிடிக்க ஒருவன் கூடவே நடக்க வேண்டும்.

அதே வண்டியில் மத்தியானம் அரிசி மூட்டை ஏறும். கல்யாண சீசனில் பீரோ, கட்டில், கிரைண்டர். கோயில் உற்சவம் என்றால் பந்தல் சாமான், அண்டா, வாழைமரம். எப்போதாவது கருங்கல் வரும். கருங்கல் ஒரு கன அடி எழுபத்தைந்து கிலோ. கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு பீடம் வண்டியின் பின்பக்கத்தை அப்படியே உட்கார வைத்துவிடும். காலையில் இருநூறு கிலோ, சாயங்காலம் ஆயிரத்து இருநூறு கிலோ. ஒரே நாளில் ஒரே வண்டி துள்ளவும் செய்யும், முனகவும் செய்யும். அதனால்தான் ஒரு ரவுண்டு காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "செம பிக்கப்" என்று சொல்கிறவன் பேச்சையும் நான் எடுத்துக்கொள்வதில்லை, லோடோடு ஒரு மேட்டில் திணறியதைப் பார்த்துவிட்டு "வேஸ்ட்" என்கிறவன் பேச்சையும் எடுத்துக்கொள்வதில்லை.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். வீட்டில் தறி இருந்தது. எனக்குக் கை தறியில் நிற்கவில்லை, மெட்டாடர் வேனில் கிளீனராக ஏறினேன். அந்தக் காலத்தில் ஊருக்குள் சரக்கு நகர்ந்தது மூன்று சக்கர லோடு ஆட்டோவிலும் மாட்டு வண்டியிலும்தான். கொஞ்சம் பெரிய லோடு என்றால் மெட்டாடர், அதற்கும் மேலே டாடா 407. லோடு ஆட்டோவுக்கும் மெட்டாடருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ஐந்நூறு கிலோவை வாலாஜாபாத்துக்கு அனுப்ப ஒருவன் மெட்டாடருக்கோ 407-க்கோ வாடகை கொடுக்க வேண்டியிருந்தது.

2005-இல் டாடா ஏஸ் வந்து அந்த இடைவெளியை அடைத்தது. தமிழ்நாடு முழுக்க அதைக் குட்டி யானை என்றே கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். 702 சிசி, இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது, 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினில் பாதியை எடுத்துச் செய்தது போன்ற எஞ்சின் அது. 750 கிலோ ஏற்றலாம். என் முதல் சொந்த வண்டியும் ஏஸ்தான். செங்கழுநீர் ஓடைத் தெருவிலும் ராஜ வீதிகளிலும் அதற்கு ஈடு கிடையாது. திரும்புகிற வட்டம் சின்னது, டீசல் குடிக்காது, மெக்கானிசம் எளிமை. வேகம் கேட்காதவரை அது உழைத்துக்கொண்டே இருக்கும். வேலூர் தாண்டி மேடு ஏற ஆரம்பித்ததும் 16 குதிரைத்திறன் என்றால் எவ்வளவு என்று காலுக்கு அடியில் தெரியும். ஆக்ஸிலரேட்டர் தரையில் ஒட்டியிருக்கும், பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை விட மாட்டான்.

2011-இல் அசோக் லேலண்டு தோஸ்த்தைக் கொண்டுவந்தது. நிஸ்ஸானோடு சேர்ந்து செய்த வண்டி, ஓசூரில் தயாரானது. 1478 சிசி, மூன்று சிலிண்டர், காமன் ரெயில், டர்போ. 55 குதிரைத்திறன், 157 நியூட்டன் மீட்டர் டார்க், ஒன்றேகால் டன் லோடு. அந்த 157 முழுதாக வருவது சுமார் 1600 சுற்றிலேயே. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் வண்டியை மாற்றினேன். 1600 சுற்றில் 157 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறத்தாழ 35 குதிரைத்திறன். ஏஸ் 3200 சுற்றில் கத்திக் கத்திக் கொடுக்கிற முழு சக்தியைப்போல் இரண்டு மடங்கை இந்த எஞ்சின் பாதி சுற்றில், சத்தமே இல்லாமல் கொடுத்துவிடுகிறது. சிசி இரண்டு மடங்குதான் கூடியது, டார்க் நாலு மடங்கு கூடியது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு டர்போவுடையது.

டர்போ செய்கிற வேலை ஒன்றும் மந்திரமில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று நிறைய உள்ளே போனால் அதற்குத் தக்க டீசல் எரியும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலும், தாங்கிப் பிடிப்பது ஆயில் படலம் மட்டும்தான். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கப்பலுக்கும் ரயிலுக்கும் போய், லாரிக்கு வந்து, நூறு வருஷம் கழித்துத்தான் எங்கள் ஊர் லோடு வண்டிக்கு இறங்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, எல்லாச் சின்ன டர்போ டீசலுக்கும் உண்டு. புகை வேகமாக வந்தால்தான் சக்கரம் சுற்றும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையே போதாது, டர்போ சும்மா கிடக்கும். 1500-க்குக் கீழே இருக்கிறவரை உங்கள் கையில் இருப்பது டர்போ இல்லாத வெறும் ஒன்றரை லிட்டர். காந்தி ரோட்டில் தேர் கிளம்புகிற நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடத்தை எத்தனை பேர் இழுத்தாலும் முதல் அடி நகராது. சக்கரத்துக்குப் பின்னால் நெம்புமரம் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். நகர்ந்துவிட்டால் பிறகு அதை நிறுத்தத்தான் முட்டுக்கட்டை தேவைப்படும். லோடு வண்டிக்கு அந்த நெம்புமரம் ஃபர்ஸ்ட் கியரும் கிளட்சும். வண்டிக்குச் சக்தி இல்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் செகண்ட் கியரில் வண்டியைக் கிளப்புகிறவர்கள்.

இதை நான் புரிந்துகொண்டது எந்த ஹைவேயிலும் இல்லை, பாவு விரித்த தெருவில்.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை தெருவில் பாவு போடுவார்கள். இப்போது மிஷின் வந்து குறைந்துவிட்டது, அடியோடு நின்றுவிடவில்லை. மூன்று புடவைக்கான பட்டு இழையைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, குறுக்கே கழி செருகி, வீட்டிலுள்ள ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நின்று இழை இழையாகப் பிரிப்பார்கள். அறுந்த இழையை முடிவார்கள், கஞ்சி கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். தெருவில் பாதி அவர்களுக்கு. மீதிப் பாதியில் வண்டி போகலாம், சுவரை உரசாமல், பாவைத் தொடாமல், தூசு கிளப்பாமல்.

டீசல் வண்டிக்காரன் அங்கே பயப்பட வேண்டியது புகைக்குத்தான். கஞ்சி ஈரத்தில் கரி படிந்தால் போகாது. வெளிர் நிறப் பாவு என்றால் மூன்று புடவைக்கும் கேடு. பல நாள் கூலி தெருவில் விரிந்து கிடக்கிறது. ஒரு நாள் அரிசி லோடோடு அந்தத் தெருவில் மாட்டினேன். முன்னால் ஒரு சின்ன ஏற்றம், பாலம் போட்ட கால்வாய். பாவின் தலைமாட்டில் நின்ற பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "புகை உடாம எடுப்பா. கஞ்சி இன்னும் காயல."

டர்போ வண்டியில் கரும்புகை எப்போது வரும்? காற்று வருவதற்கு முன்னால் டீசலைக் கொட்டினால் வரும். அதாவது, டர்போ சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரைத் தரைக்கு மிதித்தால். காமன் ரெயிலில் கம்ப்யூட்டர் ஓரளவு தடுத்துப் பார்க்கும், லோடில் இருக்கும்போது முழுக்கத் தடுக்க அதனாலும் முடியாது. அன்றைக்கு நான் ஃபர்ஸ்டில் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, வலது காலைக் கொஞ்சமாக ஊன்றி அப்படியே வைத்திருந்தேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. காலை அழுத்தவில்லை. எஞ்சின் சத்தம் தானாகவே கனமாகி, 1500 வந்ததும் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. அதற்குப் பிறகுதான் காலை அழுத்தினேன். ஒன்றேகால் டன்னும் மேட்டில் ஏறி மறுபுறம் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், சைலன்சரில் ஒன்றுமில்லை. பெரியவர் பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

டர்போ வண்டிக்குச் சக்தி எங்கே பிறக்கிறது என்று அன்றைக்குக் காதால் கேட்டேன். புகை விட்டவன் டீசலை வீணாக்கினான், இழுவையை இழந்தான் என்றே அர்த்தம். நெசவுத் தெருவில் புகை விடாமல் ஓட்டப் பழகியவனுக்கு எந்த மேட்டிலும் வண்டி படியும். எங்கள் ஊர் டிரைவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடைத்தது பாவுக்காரர்களால்தான். எனக்குப் பிறகு வந்த பையன்களையும் நான் அதே தெருவில்தான் முதலில் ஓட்டச் சொல்வேன்.

இனி மேலுமலைக்கு வருகிறேன். பெங்களூர் ரோட்டில் ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்த இடம், கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிக்கு முன்னால். காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து எண்பது மீட்டர் சொச்சம், பெங்களூர் தொள்ளாயிரம். வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெரும்பாலும் தெரியாமலேயே ஏறுகிறோம். மேலுமலையில் அந்த ஏற்றம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அரிசி ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய், திரும்பும்போது பெங்களூரிலிருந்து பட்டு நூல் கொண்டுவருவது என் வழக்கமான சவாரிகளில் ஒன்று. ஒரு தடவை வண்டி பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்திருந்தேன். அடிவாரத்தில் நாலாவது கியர், ஐம்பது கிலோமீட்டர் வேகம், வண்டி நன்றாகவே வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் டிரெய்லர் லாரிகள் இண்டிகேட்டர் இரண்டையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. வலது பக்கம் ஒரு கார் முந்தியதும் தம்பி பிரேக்கைத் தொட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான். வேகம் இருபத்தைந்துக்கு வந்தது. கியர் நாலிலேயே இருந்தது. லாரி விலகியதும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது, கியர் லீவர் நடுங்கியது, வேகம் இருபத்திரண்டு, இருபது என்று இறங்கியது.

"ண்ணா, வண்டி செத்துப் போச்சுண்ணா."

"சாகலப்பா. கியரை எறக்கு. செகண்டு."

செகண்டில் விழுந்ததும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஒரு விநாடி. விசில் வந்தது, முதுகு சீட்டில் சாய்ந்தது. முப்பதில் மூன்றாவது கியர் போட்டான். அப்படியே உச்சிவரை மூன்றிலேயே ஏறினோம், டெம்பரேச்சர் முள் அசையவில்லை.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டியும் லோடும் சேர்ந்து சுமார் இரண்டரை டன். நூறு அடிக்கு ஐந்தடி உயருகிற மேட்டில் அதை மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் ஏற்ற, டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்து 25 குதிரைத்திறன் சொச்சம் வேண்டும். இருப்பது 55. பாதிகூடத் தேவையில்லை. ஆனால் 1100 சுற்றில் நாலாவது கியரில் கிடக்கிற எஞ்சினால் அந்த 25-ஐக் கொடுக்க முடியாது. சக்தி வண்டியில் இருக்கிறது, அதை எடுக்கிற இடம் வேறே. பெரிய எஞ்சின் லாரி ஓட்டிப் பழகியவர்கள் எந்தக் கியரிலும் மிதித்தால் இழுக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த வண்டி அப்படியில்லை. கியரை மாற்றச் சோம்பல் படுகிறவனுக்கு இது கடைசிவரை பலமில்லாத வண்டிதான்.

மேட்டு ஊரில் டர்போவுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. ஓசூர், பெங்களூர் உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குப் பலத்தை இழக்கும். டர்போ காற்றை அமுக்கித் தருவதால் அந்த இழப்பு காலுக்குத் தெரிவதில்லை. கத்திரி வெயிலில் மட்டும் எல்லா வண்டியும் கொஞ்சம் சோர்ந்துதான் ஓடும், சூடான காற்றும் லேசான காற்றுதான்.

சின்ன எஞ்சினில் டர்போ வைப்பது இப்போது உலகம் முழுக்க நடக்கிற வேலை. பிரிவதற்கு முந்தைய எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே அது நடந்திருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு 2013-இல் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு எக்கோஸ்போர்ட்டை விட்டது, 125 குதிரைத்திறன். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் ஒரகடம் நிஸ்ஸானும் பிறகு அதே வழியில் வந்தன. லாரிகளுக்கு டர்போ செய்கிற டர்போ எனர்ஜி தொழிற்சாலை பையனூரில் இருக்கிறது. அமெரிக்காவில் ஷெவர்லே 2019 மாடல் சில்வராடோ பிக்கப்பில் 2.7 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ கொடுத்தபோது, எட்டு சிலிண்டரில் ஓட்டிப் பழகிய அந்த ஊர்க்காரர்களும் தாங்குமா என்றுதான் கேட்டார்கள். அவர்களுடைய சின்ன எஞ்சின் 310 குதிரைத்திறன். கேள்வி மட்டும் நம்முடையதேதான்.

எங்கள் பக்கத்திலும் எஞ்சின்கள் அப்படியே நிற்கவில்லை. டாடா இன்ட்ரா 2019-இல் வந்தது. அதன் வி10 மாடலில் 798 சிசி இரண்டு சிலிண்டர் டர்போ, 40 குதிரைத்திறன். பழைய ஏஸுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சின், சக்தி இரண்டரை மடங்கு. 2020-இல் லேலண்டு படா தோஸ்த்தை விட்டது, ஒன்றரை லிட்டரிலேயே 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். இனிமேல் சக்தி போதவில்லை என்ற பேச்சு தானாகவே குறையும். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நல்ல வண்டியும் பலமில்லாத வண்டியாகிவிடும்.

ஒரு சமயம் என் வண்டி திடீரென்று இழுக்கவில்லை. கரும்புகை, மேட்டில் திணறல், டீசல் கூடுதல். காட்டப் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. விசில் கேட்கத்தான் செய்தது. டர்போவே போயிருந்தால் அந்த விசில் எப்படி வரும்? தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் என்னை ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தார். கிளாம்புக்கு அடியில் ஆயில் ஈரம் பிசுபிசுத்த இடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு கீறல். அமுக்கிய காற்று எஞ்சினுக்குப் போகாமல் அந்த வழியாகச் சீறிக்கொண்டிருந்தது. ஹோஸ் மாற்றினோம், அரை மணி நேர வேலை. வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் ஹோஸ், கிளாம்பு, ஏர் ஃபில்டர். டர்போவைப் பற்றிக் கடைசியில் பேசலாம். பாவுத் தெருவிலும் செங்கல் சூளைப் பக்கமும் ஓடுகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொல்கிற கிலோமீட்டருக்கு முன்னாலேயே திறந்து பார்க்க வேண்டும். ஆயிலில் கை சுருக்கக் கூடாது. நீண்ட மேடு ஏறி வந்து நின்றால் ஒரு நிமிடமாவது ஐட்லிங்கில் விட்டு ஆஃப் செய்ய வேண்டும். உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் நின்றுபோய், சூடான தண்டில் கருகி ஒட்டும்.

இப்போது அந்தக் கவலை. டர்போ வந்த பிறகு ஓவர்லோடு எளிதாகிவிட்டது. பழைய ஏஸில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றினால் வண்டியே காட்டிக்கொடுக்கும். மேட்டில் நிற்கும், புகையும், டிரைவர் தானாகவே இரண்டு மூட்டையை இறக்குவான். டர்போ வண்டி காட்டிக்கொடுக்காது. ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன் போட்டாலும் கியரை இறக்கினால் இழுத்துவிடுகிறது. எஞ்சின் தாங்குகிறது என்பதால் வண்டி தாங்குகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டை அதே பட்டை, டயர் அதே டயர், பிரேக் அதே பிரேக். அவற்றுக்கு யாரும் டர்போ வைக்கவில்லை.

2019-இல் எங்கள் ஊர்க் கோயிலில் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள் நடந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். தண்ணீருக்குத்தான் ஓயாத ஓட்டம். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் லோடு இறக்கினோம். இருபது லிட்டர் கேன் தண்ணீர் மட்டும் இருபது கிலோ, அறுபது கேன் போட்டால் வண்டி கணக்கு முடிந்தது. எண்பது, தொண்ணூறு போடச் சொன்னார்கள். "சாமி காரியம்ப்பா, ரெண்டு கிலோமீட்டர்தானே" என்றார் ஒருவர். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. தாகத்தோடு வரிசையில் நிற்கிற ஜனத்தைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அந்த ரெண்டு கிலோமீட்டர் முழுக்க அந்த ஜனம்தான் நடந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குறுக்கே போவார்கள். நான் அறுபதோடு நிறுத்தி இன்னொரு நடை அடித்தேன். அதே வருஷம் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றது. அபராதத்துக்குப் பயந்து நிறுத்துகிறவன் செக்போஸ்ட் இல்லாத ரோட்டில் ஏற்றுவான். பிரேக்குக்குப் பயந்து நிறுத்துகிறவன்தான் எங்கேயும் ஏற்ற மாட்டான்.

ஏறும்போது தெரியாத ஒன்று இறங்கும்போது தெரியும். டர்போ இருப்பதால் ஒன்றரை லிட்டர் எஞ்சின் இழுக்கும்போது பெரிய எஞ்சின் மாதிரி நடந்துகொள்கிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் அது வெறும் ஒன்றரை லிட்டர்தான். டீசல் எரியாதபோது டர்போவுக்கு வேலை கிடையாது, வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த மூன்று சிலிண்டர் மட்டும். 407 மாதிரி பெரிய எஞ்சின் வண்டியில் மூன்றாவது கியர் பிடித்துக்கொள்ளும் இறக்கத்தை இது செகண்டில்தான் பிடிக்கும். பெங்களூரிலிருந்து திரும்பி மேலுமலையில் இறங்குகிறவர்கள் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கப் பார்க்கிறார்கள். வண்டி ஓட ஆரம்பிக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், பாதி வழியில் கருகிய வாடை. அதற்கப்புறம் பெடல் மெத்தென்று உள்ளே போகும். அந்த இறக்கத்தில் லோடு வண்டிகள் கவிழ்ந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் போதாமல் கவிழ்ந்ததாக ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன்.

ஆகையால் பையன்கள் கேட்கும்போது நான் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன். பட்டு, கடைச் சரக்கு, கல்யாணச் சாமான், அளவான அரிசி, தறி மாற்றுவது, எப்போதாவது பெங்களூர் என்றால் சின்ன டர்போ வண்டி தாராளமாகப் போதும், அதைவிடப் பெரியதில் பணத்தைப் போடாதே. எம் சாண்ட், ஜல்லி, கருங்கல் என்று தினமும் முழு லோடு என்றால் இந்த வண்டி வேண்டாம். இழுக்காது என்பதற்காகச் சொல்லவில்லை. இழுத்துவிடும், அதற்காகவே சொல்கிறேன். எடுப்பதற்கு முன் ஷோரூமில் கெஞ்சியாவது முழு லோடோடு ஓட்டிப் பார். ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, திரும்ப எடு. கிளட்ச் வாடை இல்லாமல், புகை இல்லாமல் கிளம்புகிறதா பார். பிறகு அதே பாலத்தில் செகண்டில் இறங்கி, பிரேக்கைத் தொடாமல் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று பார்.

போன மாதம் ஐயம்பேட்டைப் பையன் ஒருவன் அப்படிப் பார்த்துத்தான் எடுத்தான். முதல் லோடு ஓரிக்கையிலிருந்து ஒரு ஜக்கார்டு தறி. அவனுக்கு அடுத்த வாரம் பெங்களூர் சவாரி கிடைத்திருக்கிறது. போகும்போது அவன் தனியாகவே ஏறிக்கொள்வான். வரும்போது மேலுமலையில் இறங்க நான் கூட இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஓசூர் வரை பஸ்ஸில் போய் அங்கே ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.